ஒரு பானை, ஒரு வயிறு

வசந்தா,

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு நீ என் காதருகே குனிந்து ஒன்று கேட்டாய். "அந்த வீட்டுச் சோத்த எவ்வளவு நாள் சாப்பிட்டாம்மா என் வயிறு அவங்க வயிறா மாறும்?" விளையாட்டாகத்தான் கேட்டாய். கழுத்தில் மாலை வாடியிருந்தது, அழுது கண் சிவந்திருந்தது, அதற்கு நடுவில் அந்தக் கேள்வி. நான் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். வண்டி போய்விட்டது. விடை எனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு கேட்டிருந்தால் ஏதோ ஒன்று சொல்லியிருப்பேன், கொஞ்சம் பெருமையோடுகூடச் சொல்லியிருப்பேன். இப்போது அதுவும் முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ராயபுரத்திலிருந்து யானைக்கவுனி ஒன்றும் கடல் கடந்த ஊர் அல்ல. பஸ் ஏறி வந்து நேரில் சொல்லலாம். ஆனால் உன் புகுந்த வீட்டுக் கூடத்தில், உன் மாமியார் கருப்பட்டிக் காப்பியோடு எதிரே உட்கார்ந்திருக்க, மலத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? எனக்கு நேரில் பேச வராது என்பதும் உனக்குப் புதிதல்ல.

நாளைக் காலை எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் ஒரு மண்டபத்தில், ஊரில் உள்ள டாக்டர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் முன்னால் நின்று, எங்கள் கட்டுரையை வாசிக்கப் போகிறார். அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. அதில் சொல்லியிருப்பதில் பாதி உண்மையல்ல என்று நினைக்கிறேன். எந்தப் பாதி என்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தடுப்பதா, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று மத்தியானத்திலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். துறைமுகத்திலிருந்து வரும் கரித்தூளை ஜன்னல் ஜன்னலாகத் துடைத்தேன். துடைத்த ஜன்னலை மறுபடியும் துடைத்தேன். உன் அப்பா இன்னும் ஆபீசிலிருந்து வரவில்லை. வந்தால் என் முகத்தைப் பார்த்துக் கேட்பார். அதற்குள் எழுதிவிட வேண்டும்.

என் வேலையைப் பற்றி நீ அறிந்ததெல்லாம் அப்பாவின் கேலியிலிருந்து அறிந்ததுதான். "ஊரே குப்பத்துக்கு மீன் வாங்கப் போகும். உங்கம்மா, மீன் தின்னவங்க மறுநாள் தர்றதை வாங்கப் போவா" என்று அவர் சொல்லும்போது நீ சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுச் சிரிப்பாய். அவர் சொல்வதில் தவறு இல்லை. கிருமி என்றாலே பகை என்று எனக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம்தான், குடலில் குடியிருக்கும் கோடானுகோடி கிருமிகளில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை, சில நமக்கு வேண்டிய சத்தையே செய்து தருகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். அப்படியானால் நாம் தின்பது அவற்றுக்கும் தீனி. தீனி மாறினால் குடியிருப்பவையும் மாற வேண்டும். இதை நம் ஊர் வயிறுகளில் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. குடிநீர் சோதிக்கும் அறையில், ஒரு மேஜையின் கடைசி ஓரத்தில், எத்தனையோ வருஷமாக அந்த ஆசையோடு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை நல்லபடியாக நடந்தால் எனக்கென்று ஒரு தனி அறையும், இந்த ஆராய்ச்சிக்கென்று ஒரு நிரந்தர வேலையும் கேட்டு வாங்கித் தருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதைச் செய்கிறவர்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்பதில் உனக்கும் பங்கு உண்டு. யுத்தத்தில் குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியான வருஷம், உன்னைத் தூக்கிக்கொண்டு தெற்கே உன் அத்தை வீட்டுக்குப் போனேன். போன மறுநாளே உனக்கு வயிறு கெட்டது. தண்ணீரைக் கொதிக்க வைத்தேன், பாத்திரத்தைக் கொதிக்க வைத்தேன், உன் அத்தை முகம் சுண்டும்வரை அந்த வீட்டில் எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். ஒன்றும் நிற்கவில்லை. பிறகு ஒருநாள் தானாக நின்றது. அதற்கப்புறம் நீ அந்த வீட்டுப் பிள்ளைகளோடு அவர்கள் தட்டிலேயே கை வைத்துத் தின்றாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்ப ராயபுரம் வந்ததும் மறுபடியும் வயிறு கெட்டது. உன் வயிறு எதையோ கற்றுக்கொண்டது, திரும்பி வந்ததும் மறந்தது. எதைக் கற்றது, யாரிடம் கற்றது? நான் அதை விடவில்லை.

என் வயிற்றையும் சொல்ல வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் மாதக்கணக்கில் எனக்கு வயிறு சரியில்லாமல் இருந்தது. பிறந்த வீட்டு ஏக்கம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். நானும் மறுக்கவில்லை. படித்த பெண், புகுந்த வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் திமிர் என்பார்களே என்று இருந்துவிட்டேன். நீ அப்படி இருக்காதே. வயிறு சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல். உன் மாமியார் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறவர் என்று விருந்தன்றே பார்த்தேன். பழகிவிடும் என்று உன்னிடம் பலபேர் சொல்வார்கள். பழகலாம். பழகாமலும் போகலாம். பழகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிக்கு இரண்டு கூட்டத்தாரைத் தேர்ந்தெடுத்தோம். கொருக்குப்பேட்டையில் ஆலையிலும் ரயில்வே யார்டிலும் வேலை செய்பவர்கள். ஷிப்டுக்கு ஷிப்டு வேறு நேரம், வேறு இடம், பாதி நாள் ஓட்டல் சோறு. மற்றது, திருவொற்றியூருக்குப் போகும் வழியில் ஒரு மீனவர் குப்பம். அங்கே ஒரு வீட்டுக்கு ஒரு பானை, காலையில் எல்லோருக்கும் அதிலிருந்து பழஞ்சோறு. கொருக்குப்பேட்டையில் நானும் எங்கள் அட்டெண்டரும் ஷிப்டு முடியும் நேரத்தில் நின்று ஆள் ஆளாக வாங்கினோம். குப்பத்தில் அது நடக்கவில்லை. ஆண்கள் விடியுமுன் கட்டுமரத்தில் போய்விடுவார்கள். அதனால் கழுவிக் காயவைத்த சிகரெட் டப்பாக்களில் பெயர் ஒட்டி, வீட்டுப் பெண்களிடம் முதல் நாளே கொடுத்துவிட்டு, மறுநாள் போய் வாங்கி வந்தோம். அங்கே எனக்கு வழிகாட்டி அஞ்சலை. மீன் கூடைக்காரி, என் வயதுதான் இருக்கும், குப்பத்தில் அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. நான் டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

டப்பாவில் வந்ததை வளர்த்து, கிருமிகளைப் பிரித்து, விதவிதமான சர்க்கரைக் கரைசல் உள்ள குழாய்களில் விடுவோம். எந்தச் சர்க்கரையைத் தின்கிறதோ அந்தக் குழாய் நிறம் மாறும். அந்த நிற வரிசை ஒரு கையெழுத்து மாதிரி. கொருக்குப்பேட்டைக் குழாய்கள் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குக்கூட ஆளுக்கு ஒரு வரிசையாக இருந்தன. குப்பத்துக் குழாய்களை அடுக்கிய அன்று நான் நின்றுவிட்டேன். அஞ்சலை, அவள் புருஷன், மகன், புது மருமகள், எல்லோருக்கும் ஒரே கையெழுத்து. அக்கம்பக்கத்து வீடுகளிலும் வீட்டுக்குள் ஒற்றுமை. வேறு வீட்டில் பிறந்து வந்த அந்தப் பெண்ணின் குடல்கூட ஒரு வருஷத்துக்குள் மாமியார் குடலாக மாறியிருந்தது. ஒரே பானையில் தின்பவர்களுக்கு ஒரே வயிறு. அன்றைக்குத்தான் உன்னைப் பெண் பார்க்க வருவதாக யானைக்கவுனியிலிருந்து தகவல் வந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் இதை நான் எத்தனை முறை சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். அதனால்தானே வண்டியில் அப்படிக் கேட்டாய்.

யார் எது சொன்னாலும் ஆதாரம் கேட்பவள் நான். ஜாதகம் பார்க்க வந்தவரிடம்கூடக் கேட்டேன், அப்பா என்னைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார். அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினேன். அழகாக இருந்தது, எனக்கு வேண்டியதாகவும் இருந்தது. என் பெண் போகும் வீட்டில் பானைச் சோறே அவளை அந்த வீட்டாளாக்கிவிடும், நான் கவலைப்பட வேண்டியதில்லை என்று அந்தக் குழாய்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். முடிவு அழகாக வந்தால், வசந்தா, கையை மறுபடியும் கழுவிக்கொண்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும். உன் கணவர் வீட்டுக் கடைக் கணக்குக்கும் இது பொருந்தும், மனிதர்களுக்கும் பொருந்தும்.

உன் கல்யாண லட்டைக் கொடுக்க அஞ்சலை வீட்டுக்குப் போனேன். வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவள் மருமகள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாப்பிள்ளை என்ன வியாபாரம், எவ்வளவு பவுன் என்றெல்லாம் கேட்டு முடித்ததும் அஞ்சலை எனக்குப் புத்தி சொன்னாள்.

"உம் பொண்ணாண்ட சொல்லி வை, டாக்டரம்மா. சீப்புல சிக்குன மயிரு, வெட்டுன நகம், எதையும் புது எடத்துல கண்டபடி போடக் கூடாது. எவளாவது எட்த்துகினு போயி எதுனா செஞ்சி வெச்சிட்டா? எம் மருமவளுக்கு இன்னும் வயித்துல ஒண்ணும் நிக்கல. அவளுதைப் போயி நான் டப்பாவுல போட்டு ஊரு மேல அனுப்புவேனா?"

எனக்கு உடனே புரியவில்லை. அப்படியானால் மருமகள் பெயர் ஒட்டிய டப்பாவில் இருந்தது என்ன என்று கேட்டேன்.

"என்துதான். அவளுது, அவரது, பையனுது, அல்லாமே என்துதான். ஆம்பளைங்க கடலுக்குப் போயிகினு கீறாங்க, டப்பாவ அவுங்க பின்னால தூக்கினு ஓட முடியுமா?" என் முகத்தைப் பார்த்து அவளுக்கே வருத்தமாகிவிட்டது. "இன்னாத்துக்கு மூஞ்சி அப்டி பூட்ச்சி? நீ வெறுங்கையோட போனா அந்தப் பெரிய டாக்டரு உன்னிய வைய மாட்டாரா? பொம்பள வேலைக்குப் போயி பேச்சு வாங்கிகினு வரணுமான்னுதான் ரொப்பிக் குட்த்தேன். நல்லதாத்தான் குட்த்தேன்."

நான் அதிர்ந்து போயிருக்க வேண்டும். உண்மையில் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. ஒரே பானை, ஒரே வயிறு. ஆமாம், ஒரே வயிறுதான். அவள் என்னை ஏமாற்றவில்லை. வீட்டுக்கு வந்த பெண்ணைக் காப்பாற்றினாள், கூடவே என்னையும் காப்பாற்றுவதாக நினைத்தாள். செய்வினையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி வந்து, புதுப்பெண்ணின் உடம்பிலிருந்து வெளிவந்ததைப் பெயர் ஒட்டிக் கொடு என்றால் எதற்கு என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு இருந்தது. அது எங்கே போகிறது, பார்த்து முடித்தபின் என்ன ஆகிறது என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அழித்துவிடுகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கலாம், நம்பாமலும் இருக்கலாம். சொல்லவே இல்லையே. மற்ற வீடுகளிலும் இப்படித்தானா என்று கேட்டேன். குழாயடியில் பெண்களிடம் இப்படியே செய்யச் சொல்லி வைத்ததாகவும், யார் யார் அதன்படி செய்தார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னாள். வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சிலர் சிரித்தார்கள், சிலர் சத்தியம் செய்தார்கள். ஒருத்தி, "நீயும் கல்யாணம் காட்சின்னு அலையிற, இத்தப் போயி இன்னாத்துக்குக் கிளறிகினு" என்று லட்டு கேட்டாள்.

தலைவரிடம் இன்று காலை சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அஞ்சலை வீட்டை மட்டும் எடுத்துவிடலாம், மீதி இருக்கிறதே என்றார். மீதியிலும் எது யாருடையது என்று தெரியாது என்றேன். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம், அம்மா. நீங்க ஒவ்வொரு பருக்கையா நசுக்கிப் பாக்கறீங்க" என்றார். பதம் பார்க்கலாம் சார், ஆனால் எந்தப் பானையிலிருந்து எடுத்த சோறு என்று தெரியவேண்டாமா என்றேன். நாளை வாசித்துவிடுவோம், அறை கிடைக்கட்டும், அந்த அறையில் உட்கார்ந்து நீங்களே மறுபடி செய்து திருத்துங்கள் என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அறை இல்லாவிட்டால் திருத்துவதற்கும் வழியில்லை. நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

கூட்டத்தில் யாராவது ஒருவர், டப்பாக்களை எப்படி வாங்கினீர்கள் என்று கேட்பார், அப்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால்? பிறர் கேள்வி கேட்பதற்காகக் காத்திருப்பதும் ஒருவகை ஒளிந்துகொள்ளல்தான். இதற்கு மேல் என் புத்தி நகரவில்லை.

இன்னொன்று. உன் கேள்விக்கு விடை தேட ஒரு நேரான வழி இருந்தது. கல்யாணத்துக்கு முன் உன்னிடம் ஒரு டப்பா, பின்பு மாதத்துக்கு ஒன்று. வீட்டை விட்டுப் போகும் பெண், போகிற வீட்டுச் சோறு, எல்லாம் என் கண்ணெதிரே. எனக்கு அது தோன்றாமல் இல்லை. டப்பாவைக்கூடக் கழுவி வைத்தேன். கேட்க வாய் வரவில்லை. கொருக்குப்பேட்டையில் முன்பின் தெரியாத ஆண்களிடம் நீட்டிய டப்பாவை, கல்யாணப் பெண்ணாக நிற்கும் என் மகளிடம் நீட்ட முடியவில்லை. மேஜைமேல் உன் பெயர் ஒட்டிய டப்பா ஒன்று இருக்கும், எங்கள் அட்டெண்டர் அதை எடுத்து வைப்பார் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. அஞ்சலையிடம் அதற்குக் காரணம் இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

அப்பா வரும் சத்தம் கேட்கிறது. நாளை எழுதி முடிக்கிறேன்.

மறுநாள் மாலை.

தலைவர் நன்றாக வாசித்தார். குழாய் வரிசைகளைப் பெரிய அட்டையில் வரைந்து மாட்டியிருந்தோம். கைதட்டினார்கள். கேள்விகள் உண்டா என்று கூட்டத் தலைவர் கேட்டார். ஒருவர் பழஞ்சோற்றின் புளிப்பைப் பற்றிக் கேட்டார், இன்னொருவர் கேள்வி கேட்பதாகச் சொல்லித் தன் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசினார். அவ்வளவுதான். நன்றி சொல்ல எழுந்தார்கள். நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து எனக்கு ஒரு கேள்வி என்றேன். கட்டுரையில் பெயர் உள்ளவளே கேள்வி கேட்கிறாளே என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"குப்பத்து டப்பாக்கள் அதில் எழுதியிருந்த ஆட்களுடையதுதான் என்று எப்படித் தெரியும்?"

தலைவர் என்னையே பார்த்தார். "நீங்கதானே வாங்கினீங்க. சொல்லுங்க" என்றார்.

"தெரியாது" என்றேன். பிறகு அஞ்சலை பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னேன். முன்வரிசையில் யாரோ சிரித்தார், பிறகு நிறைய பேர் சிரித்தார்கள். தலைவர் அட்டைகளைத் தானே கழற்றிச் சுருட்டினார்.  அவர் காரில் இடம் இருந்தது; ஏறச் சொல்லவில்லை. நான் பஸ்ஸில் வந்தேன். ஆய்வுக்கூடத்துக்குப் போனபோது அறையைப் பற்றி யாரும் பேசவில்லை, என் மேஜை இருந்த இடத்திலேயே இருந்தது. அஞ்சலையின் மாதிரிகளைக் கொதிகலத்தில் போட்டு அழித்தேன். அடுத்த முறை அவளையும் அவள் மருமகளையும் கூப்பிட்டுக் கண்ணால் பார்க்கச் சொல்ல வேண்டும். அடுத்த முறை உண்டா என்பது எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து, முன்பே கழுவி வைத்திருந்த அந்த டப்பாவை எடுத்துப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கட்டினேன். கடிதத்தை முடித்ததும் தனியாகக் கொடுத்தனுப்புகிறேன். பெயர் ஒட்டவில்லை. உனக்கு இஷ்டமானால் மட்டும். கொடுப்பதாக இருந்தால் உன்னுடையதைக் கொடு. நாளை உன்னைப் பார்க்க வரும் உன் அப்பாவிடம் பொட்டலத்தைக் கொடுத்தேன். "இது என்ன?" என்றார். சொன்னேன். பொட்டலத்தை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு, உன் மாமியார் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த பழப் பையில் போடாமல், தனியாக ஒரு பையைத் தேடி எடுத்து அதில் வைத்தார்.